கடலில் நினைவஞ்சலி: படம் எப்படிக் கெட்டால் எதைப் பார்ப்பது

ராமநாதபுரம் கரையில் கடல்மேல் நடக்கும் நினைவு நாட்களுக்குக் குறைவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்காக உறவுக்காரர்கள் நாட்டுப்படகில் போய்ப் பூ விடுகிறார்கள். அஸ்தி கரைக்க வருகிறார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தக் கடலில் ஜனம் இறங்கி நிற்கிறது. டிசம்பர் பிறந்தால் 1964ஆம் ஆண்டு 22ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடியோடு போனவர்களின் நினைவு, அப்புறம் 2004 சுனாமியின் நினைவு. இவற்றைப் படமெடுக்கும்போது கெடுவதெல்லாம் திரும்பத் திரும்ப அதே சில விதங்களில்தான் கெடுகிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில்.

அதற்கு முன் ஒன்று. அந்த வீட்டாருக்கு வேண்டியது யார் யார் வந்தார்கள், பூவை விட்டபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது. சூரியோதயப் படம் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். ஆகவே கீழே எங்கெல்லாம் வானமா முகமா என்ற கேள்வி வருகிறதோ அங்கெல்லாம் பதில் முகம்தான். பூ விடுவதை இன்னொரு தடவை செய்யுங்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டியதைப் படகு கரையைவிட்டு விலகும் நேரத்திலேயே, கூட வரும் பையனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

## முகம் கறுத்துப்போகிறது, பின்னால் கடல் பளீரென்று இருக்கிறது

அதிகம் வரும் குறை இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது படகு. கேமரா அப்புறம். சூரியன் எந்தப் பக்கம், படகு எப்படி நிற்கிறது, பூவை எந்தப் பக்கம் விடப்போகிறார்கள் என்ற மூன்றும் ஒத்துவந்தால் மீதிப் பிரச்சினை பாதியாகக் குறையும். படகில் ஏறும் முன்பே ஓட்டுபவரிடம் பேசுங்கள். "அண்ணே, பூ விடுற நேரத்துல வெயில் அவங்க முகத்துல விழுற மாதிரி நிறுத்த முடியுமா?" அவ்வளவுதான் கேட்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் அவருக்குத் தெரியும். முடியாது என்றால் காரணம் சொல்வார், அதை மீறிக் கேட்க வேண்டாம். பக்கவாட்டில் வெயில் விழுந்தாலும் போதும் என்று இறங்கி வாருங்கள்.

*நீங்களும் குடும்பமும் ஒரே படகில் என்றால்:* சூரியன் இருக்கும் பக்கமாகப் பூவை விடச் சொல்லுங்கள். அப்போது முகங்கள் வெயிலைப் பார்த்திருக்கும். நீங்கள் அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்கார்ந்து படகின் நீளவாக்கில் எடுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் ஓட்டுபவர் சொல்கிறபடி ஆட்களை உட்காரவையுங்கள். அஸ்தி என்றால் மட்டும் காற்று போகும் பக்கம்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மேலேயே திரும்பி விழும். வெளிச்சத்துக்காக அதை மாற்றச் சொல்லவே சொல்லாதீர்கள்.

*இரண்டு படகு என்றால்:* காலையில் உங்கள் படகு கிழக்கே, அவர்கள் படகு உங்களுக்கு மேற்கே. மாலையில் நேர்மாறு.

*படகே இல்லை, அக்னி தீர்த்தத்தில் இறங்கி நிற்கிறார்கள் என்றால்:* கரையில் நின்று எடுத்தால் எதிர்வெயில். கிழக்குப் பார்த்துக் கும்பிட்டு முங்குபவர்களின் முதுகுதான் கிடைக்கும். நீங்களும் இறங்கி, கூட்டத்தைத் தாண்டி ஓரமாகப் போய், கரையைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். வெயில் அவர்கள் முகத்தில் இருக்கும், பின்னணியில் கோயிலின் கிழக்குக் கோபுரம் வரும். இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் நின்றுவிடுங்கள்.

*சேதுக்கரை என்றால்:* கடல் தெற்கே. கடலைப் பார்த்து நின்றால் காலை வெயில் இடது கையில் விழும். இந்தக் கரையிலேயே முகத்துக்கு ஏற்ற காலை வெளிச்சம் அங்கேதான் என்பது என் கருத்து.

போன வருடம் சரியாக வந்த இடத்தை நம்பி அங்கேயே போய் நிற்காதீர்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி, ஆறரை மணிக்குச் சற்று முன்பாக எழுகிறது. ஆடி அமாவாசை சமயத்தில் 18 டிகிரி அளவுக்கு வடக்கே தள்ளி, ஆறு மணி தாண்டியதுமே எழுந்துவிடும். ஒரே திட்டில் நின்றாலும் டிசம்பரில் பக்கவெயில், ஆடியில் எதிர்வெயில் என்று மாறும். நம் பக்கம் சூரியன் செங்குத்தாகவே ஏறும். ஒரு மணி நேரத்தில் 13, 14 டிகிரி மேலே போய்விடும். மென்மையான வெளிச்சம் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது. குடும்பத்தாரிடம் நேரம் குறிக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஐயர் குறித்த நேரமோ ஃபாதர் சொன்ன நேரமோ இருந்தால் அதுதான் நேரம், நாம் அதற்குள் அடங்க வேண்டும்.

படகைத் திருப்ப வழியில்லை என்றால் எக்ஸ்போஷர். பளபளக்கும் நீரைப் பார்த்துக் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வையுங்கள், போதாவிட்டால் +1⅔, +2. பின்னால் வானம் வெளுக்கும், வெளுக்கட்டும்.

அப்படியும் ஒரு படம் கறுப்பு, ஒரு படம் வெளுப்பு என்று மாறி மாறி வந்தால் படகு ஆட ஆட ஃபிரேமுக்குள் வரும் நீரின் அளவு மாறுகிறது என்று அர்த்தம். முகத்தில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து அளந்து, அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். மேகம் மறைத்தால் மட்டும் திரும்ப அளந்தால் போதும்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமா? ஒரு வெள்ளைத் துண்டை அவர்களுக்கு முன்னால் பலகைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கனம் வையுங்கள். கண்ணுக்குக் கீழே விழும் நிழல் குறையும். தெர்மோகோல் பலகையைக் கொண்டுவராதீர்கள், காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

கடைசியாக ஃபிளாஷ். கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷ் வெயிலில் இரண்டு மீட்டர் தாண்டினால் பயனில்லை. தனி ஃபிளாஷ் என்றால் பெரும்பாலான கேமராவில் ஷட்டர் 1/200 அல்லது 1/250க்கு மேல் போகாது, அப்பெர்ச்சரை எஃப்/11 அளவுக்கு மூட வேண்டிவரும். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடும் சேர்ந்து எரியும் வசதி) உள்ள ஃபிளாஷில் அந்தத் தடையில்லை, ஆனால் எட்டும் தூரம் குறையும். ஃபிளாஷின் அளவை -1⅓ அல்லது -1⅔க்கு இறக்கி வையுங்கள். புறப்படும் முன் எடுக்கும் குழுப்படத்துக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பூ விடும் நேரத்தில் நான் பயன்படுத்துவதில்லை. அழுதுகொண்டிருப்பவரின் கண்ணில் வெட்டுவது அந்த இடத்துக்குப் பொருந்தாது, படத்திலும் அது தெரியும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பல படகுகள் வட்டம் கட்டி நிற்கும் பெரிய நிகழ்ச்சி என்றால் ஒருவரால் எல்லா முகத்தையும் வெயில் பக்கமிருந்து பிடிக்க முடியாது. இன்னொரு படகில் இன்னொரு போட்டோகிராபர் வேண்டும், அதற்கான செலவை முன்பே பேசிவிடுங்கள். படங்கள் ஏற்கெனவே கறுத்து வந்துவிட்டன, ஆனால் ரா ஃபைல் (கேமரா பதிந்த, சுருக்காத மூலப்பதிவு) இருக்கிறது என்றால் அழிக்காதீர்கள். நல்ல எடிட்டர் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வரை முகத்தைத் தூக்கித் தருவார். ஜேபெக் மட்டும் இருந்தால் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

## முகம் சரி, வேட்டியும் வெள்ளைச் சேலையும் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டன

மேலே சொன்னதை அளவுக்கு மீறிச் செய்தால் இது வரும். கேமராவில் அதிவெளுப்பு எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள். வேட்டியின் மடிப்புகள் சிமிட்டினால் ⅓ ஸ்டாப்பாகக் குறைத்துக்கொண்டே வந்து, சிமிட்டல் நிற்கும் இடத்தில் விடுங்கள். நீரின் பளபளப்பு சிமிட்டினால் கவலையில்லை. நிழலில் இருப்பதைப் பிறகு மீட்கலாம், வெளுத்துப்போன துணியில் மீட்க ஒன்றும் இருக்காது. எட்டரை மணிக்கு மேல் மேகமில்லாத வெயிலில் கறுத்த முகமும் வெள்ளைத் துணியும் ஒரே படத்தில் முழுதாக அடங்குவது கஷ்டம். அப்போது ஆட்களைப் படகின் கூடாரத் துணி நிழலுக்குள் கொண்டுவருவதுதான் வழி, ஆனால் அந்தத் துணியால் நிறப் பிரச்சினை ஒன்று வரும், பின்னால் நீலம் என்ற பகுதியில் அதையும் பார்த்துவிடுங்கள்.

## நீரின் பளபளப்பு எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது, மிதக்கும் பூ தெரியவில்லை

நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்து பாருங்கள், அல்லது எழுந்து நின்று கீழ்நோக்கி எடுங்கள். படகின் நிழல் விழும் நீரில் பூ மிதந்தால் நிறம் அப்படியே வரும். அதையும் ஓட்டுபவரிடம் சொல்லிவைக்கலாம்.

அது போதாதபோதுதான் போலரைசர் ஃபில்டர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் கண்ணாடி. இதை வாங்கியவர்கள் பலர் விடியற்காலையில் மாட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது நீரில் விழும் அந்த ஒளிப்பாதையைப் போலரைசரால் பெரிதாகக் குறைக்க முடியாது. நீர்மட்டத்திலிருந்து 37 டிகிரி சாய்வில் வரும் பிரதிபலிப்பைத்தான் அது நன்றாக வெட்டும். காலையில் சூரியன் அந்த உயரத்துக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை கழற்றிப் பையில் வையுங்கள், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது சும்மா விழுங்கிக்கொண்டிருக்கும். மாட்டியிருக்கும்போது படகு திரும்பினால் ஃபில்டரையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அதை மறப்பதால்தான் ஒரே வரிசையில் எடுத்த படங்களில் கடலின் நிறம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கிறது.

## படம் முழுவதும் புகை படிந்தாற்போல் மங்கலாக இருக்கிறது

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. லென்ஸைக் கழற்றும் முன் அதன் முகப்பைப் பாருங்கள், போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

*வேர்த்திருக்கிறது.* ராமேஸ்வரம் லாட்ஜில் ராத்திரி முழுக்க ஏசியில் இருந்த கேமராவை விடிகாலையில் கடற்கரைக்கு எடுத்துவந்து பையைத் திறந்தால் உடனே கண்ணாடியில் ஈரம் படியும். துடைத்தாலும் திரும்ப வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து அப்புறம் திறங்கள். நல்லது என்னவென்றால், படுக்கும் முன் கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவது.

*உப்புத் தூவானம்.* டார்ச் வெளிச்சத்தில் நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். சட்டை முனையால் துடைக்காதீர்கள், உப்புப் பரல் பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் துணியை டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்து ஒற்றுங்கள், கடைசியில் உலர்ந்த துணி. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரே போதும்.

*ஃபில்டர்.* உப்புக்குப் பயந்து மாட்டிய யுவி ஃபில்டர் எதிர்வெயிலில் மங்கலையும் பச்சைப் புள்ளிகளையும் கொண்டுவரும். சூரியன் ஃபிரேமுக்குள்ளோ அதன் ஓரத்திலோ இருந்தால் அந்தச் சில படங்களுக்கு மட்டும் கழற்றிவிட்டு, லென்ஸ் ஹுட் மாட்டுங்கள். ஹுட் இல்லையா, இடது கையை லென்ஸுக்கு மேலே நிழலாகப் பிடியுங்கள்.

*உள்ளே.* முகப்பு சுத்தமாக இருந்தும் மங்கல் போகவில்லை, உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிக் கிளைகள் தெரிகின்றன என்றால் பூஞ்சை. நீங்களே திறக்க வேண்டாம். சர்வீஸுக்கு மதுரை வரை போக வேண்டியிருக்கும். விலை குறைந்த கிட் லென்ஸ் என்றால் முதலில் செலவைக் கேளுங்கள். பல நேரம் அதே லென்ஸைப் பழையதில் வாங்குவது மலிவாக முடியும்.

## படம் கலங்கியிருக்கிறது

படத்தைப் பெரிதாக்கி நீரின் ஒளிப்புள்ளிகளைப் பாருங்கள். அவையே விடை சொல்லும்.

புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள். அகல லென்ஸுக்கு 1/500, 200 மிமீ அளவுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 800, 1600 என்று போனால் போகட்டும். பிறகு உட்காரும் இடம்: இன்ஜின் பெட்டிமேல் சாயாதீர்கள், அதன் அதிர்வு அப்படியே கைக்கு வரும். கால் அகட்டி, முழங்கால் தளர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். படகு அலைமேல் ஏறி இறங்கத் தொடங்கும் முன் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள். ட்ரைபாட் படகில் ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்யும்.

இன்ஜினை நிறுத்தச் சொன்னால் அதிர்வு போகும், ஆனால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டுப் பக்கவாட்டில் உருளத் தொடங்கும். மெதுவாக ஓடவிட்டு அணியத்தை அலைக்கு நேராக வைத்திருக்கச் சொல்வதே மேல். பூ விடும் இரண்டு நிமிடம் மட்டும் நிறுத்தினால் சத்தமும் அடங்கும், குடும்பத்துக்கும் அது வேண்டியிருக்கும்.

ஆட்டம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் இடமே தப்பு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆடியை ஒட்டிய மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் இது தலைகீழ். தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அமைதியான பாக் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வதை மட்டும் நம்பி இடம் குறிக்காதீர்கள், அன்றைய காற்றைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். கிடைப்பது சின்ன நாட்டுப்படகு, ஆட்டம் கூடுதல், ஆட்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் படகானாலும் மீன்வளத்துறையிடமும் கடலோரக் காவல் பக்கமும் கேட்டுத்தான் ஏற வேண்டும், படகு முதலாளியான சம்மாட்டி அதைச் செய்துவிட்டாரா என்று உறுதிசெய்யுங்கள். நிலையாக நின்று எடுக்க ஏதாவது தீவில் இறங்கலாமே என்று தோன்றும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அனுமதியில்லாமல் அங்கே இறங்க முடியாது.

புள்ளிகள் கூர்மை, ஆனால் கை மட்டும் கலங்கல் என்றால் அசைந்தது ஆள்தான். பூ கையைவிட்டுப் பிரியும் கணம் வேகமானது, 1/800 வையுங்கள்.

ஏதோ ஒன்று கூர்மை, முகம் மட்டும் இல்லை என்றால் ஃபோகஸ். அது அடுத்தது.

## பூ தெளிவாக இருக்கிறது, முகம் தெளிவில்லை

மினுக்கும் நீரும் தூவும் இதழ்களும் ஆட்டோஃபோகஸை இழுத்துவிடும். கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியை நீங்களே வையுங்கள். எதிர்வெயிலில் முகம் இருண்டிருந்தால் முகத்தைக் கண்டறியும் வசதியும் தடுமாறும். அப்போது மூக்குக்கண்ணாடி விளிம்பு, சேலைக் கரை, சட்டைக் காலர் என்று முகத்தின் அதே தூரத்தில் இருக்கும் ஒரு கூர்மையான ஓரத்தில் வையுங்கள்.

ஒரே படகில் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மிமீ லென்ஸ், எஃப்/8, ஃபோகஸ் மூன்று மீட்டரில் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட்டால் ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவு. படகுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். ஃபோகஸைத் தேடிக்கொண்டு லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுவதற்குள் அந்தக் கணம் போய்விடும், அதனால் நான் பூ விடும் நேரத்துக்கு எப்போதும் இதைத்தான் வைக்கிறேன்.

கரையில் நின்று, அசையாத பெயர்ப்பலகையை எடுத்தாலும் கேமரா தொடர்ந்து முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் செய்கிறது என்றால் லென்ஸை அளவு திருத்த வேண்டும். அது சர்வீஸ் வேலை. ரிங்கைத் திருப்பும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் காற்றில் வரும் மணல் அவ்வளவு பொடி, அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது.

## முகத்தில் நீலமோ ஆரஞ்சோ ஏறியிருக்கிறது

*நீலம்:* மேலே கட்டியிருக்கும் தார்ப்பாய். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் திருத்தும் அமைப்பு) மாற்றினால் முகம் சரியாகும், வெளியே கடல் மஞ்சளாகும். தார்ப்பாயின் அந்த மூலையை அவிழ்த்துவிட்டாலே போதும், அல்லது அடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள்.

*தாடைக்குக் கீழே ஆரஞ்சு:* உயிர்காப்பு உடை. படத்துக்காக அதைக் கழற்றச் சொல்லவே கூடாது. சேலைத் தலைப்பையோ துண்டையோ அதன்மேல் போட்டுக்கொண்டால் குறையும். மீதியை எடிட்டில் அந்த இடத்தில் மட்டும் நிறச்செறிவைக் குறைத்துச் சரிசெய்யலாம்.

*படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது:* ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று நீங்களே நிறுத்திவையுங்கள்.

## எல்லாம் சாம்பலாக, சப்பென்று இருக்கிறது

டிசம்பர் மேகமூட்டம். முகங்களுக்கு உண்மையில் இது நல்ல வெளிச்சம், கெடுப்பது வெள்ளை வானம். வானத்தை ஃபிரேமிலிருந்து வெட்டிவிட்டு, கொஞ்சம் உயரத்திலிருந்து நீரைப் பின்னணியாக வைத்து எடுங்கள். +⅔ காம்பென்சேஷன் கொடுங்கள். செவ்வந்தியோ ரோஜாவோ நிறைந்த கூடை ஒன்று ஃபிரேமில் இருந்தால் படத்துக்கு உயிர் வரும்.

## கடல் கோடு சாய்கிறது

திரையில் கட்டக்கோடுகளை ஆன் செய்து, கேமரா காட்டும் மின்னணு மட்டத்தை நம்பாமல் கடல் கோட்டையே பாருங்கள். படகு குலுங்கும்போது அந்த மட்டம் ஏமாற்றும். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் பிறகு நிமிர்த்தும்போது யாருடைய கையும் வெட்டுப்படாது.

## அந்தியில் விளக்கு விடும்போது ஒன்றும் தெரியவில்லை, அல்லது படத்தில் பட்டை பட்டையாக வருகிறது

சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரை வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். விளக்கையோ மெழுகுவத்தியையோ அந்த நேரத்துக்குள் ஏற்றினால் சுடரும் தெரியும், முகமும் தெரியும். அதைத் தாண்டினால் எஃப்/1.8 லென்ஸ், 1/125, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை. சுடரை நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், அந்த வெளிச்சமே முகத்துக்கு வரும். காற்றுக்குப் பேப்பர் கப்புக்குள் வைத்தால் அணையாது, வெளிச்சமும் பரவும். கப்பைக் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும், கடலில் விட வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் இதற்குத் திட்டமிட முடியாது, மாலைக்கு மேல் அங்கே ஆட்களை இருக்க விடுவதில்லை.

பட்டைகள் வந்தால் காரணம் படகுத்துறையின் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், வேகத்தை 1/100 அல்லது 1/50 வையுங்கள். கரையில் நின்றுதான் இந்த வேகம் சாத்தியம்.

## போனில்தான் எடுக்கிறோம்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பிறகு முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியன் குறியை மேலே தள்ளுங்கள். ஒரே ஆளின் கை இரண்டாகத் தெரிந்தால் எச்டிஆர் பல படங்களைச் சேர்க்கும்போது படகு நகர்ந்திருக்கிறது, அந்த நேரத்துக்கு மட்டும் அணையுங்கள். திரை ஈரமாகித் தொடுதல் வேலை செய்யாவிட்டால் ஒலி பட்டனை அழுத்தி எடுக்கலாம். வெயிலில் சூடேறிக் கேமரா ஆப் மூடிக்கொண்டால் நிழலில் வையுங்கள், ஐஸில் வைக்காதீர்கள்.

## மேலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறார்கள்

ட்ரோன் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், சும்மா எடுத்துவந்து பறக்கவிடும் இடமல்ல இது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, எல்லைக் கடலும் பக்கம். அனுமதியும் உரிமமும் உள்ள ஆளை அமர்த்த முடியாவிட்டால் பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதையிலிருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கும் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு.

## கேமரா நனைந்துவிட்டது

*தூவானம் மட்டும்:* அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி. கரைக்கு வந்ததும் பட்டன் இடுக்குகளையும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தையும் திரும்பத் துடையுங்கள்.

*கடலில் விழுந்துவிட்டது:* ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் உப்பு போகாது, உள்ளே அரித்துக்கொண்டேயிருக்கும். அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், கடல் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள். கேமரா பிழைக்காமல் போகலாம். பழுதுச் செலவு புதுக் கேமராவின் பாதியைத் தாண்டுகிறது என்றால் விட்டுவிடுவதே சரி.

*படங்கள்:* கார்டு பெரும்பாலும் தப்பிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு முழு நாள் காயவைத்து, பிறகுதான் ரீடரில் போட வேண்டும். ஃபார்மெட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே கார்டில் புதிதாக எதையும் எடுக்காமல், டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். அவரிடம் போகும் முன் வீட்டில் இலவச மென்பொருள்களைப் போட்டுத் துழாவ வேண்டாம். அந்த வீட்டாரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். கூட வந்தவர்கள் போனில் எடுத்த படங்கள் அழியும் முன் சேகரித்து வைப்பார்கள்.